நூறு எம்பி ஃபைபர், ஒன்பது மாதம் ஓட்டிப் பார்த்ததில்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரக்காரர்கள் இந்தப் பத்தியோடு கிளம்பிவிடலாம். கும்பகோணத்தில் எங்கள் தெருவில் கேபிள் டிவிக்காரர் மூலம் கிடைக்கும் ஃபைபர் நெட் நல்ல நெட்தான், கொடுக்கிற காசுக்குக் குறை சொல்ல முடியாது. அதை விற்கிற விதம்தான் சரியில்லை. கம்பெனிப் பெயரைப் போடப்போவதில்லை. எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் இதே கூத்து நடக்கும், நோட்டீஸில் லோகோ மட்டும் மாறும்.

நான் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவன். மார்கழியில் முகூர்த்தம் கிடையாது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத நேரம். பங்குனி கடைசியில் பேப்பருக்குள் வைத்து ஒரு நோட்டீஸ் வந்தது. எல்லாம் கேபிடல் எழுத்து, மஞ்சள் பின்னணியில் சிவப்பு: நூறு எம்பிபிஎஸ், அன்லிமிடெட், மாதம் 699 ரூபாய் மட்டும். அந்த 'மட்டும்' என்பதற்குள் 18 சதவீத ஜிஎஸ்டி அடங்காது, கையிலிருந்து போவது 825, அதை விடுங்கள். போன் போட்டால் எடுத்தவர் "நூறு எம்பி சார், சும்மா பறக்கும்" என்றார். மறுநாளே ஒரு தம்பி வந்து போஸ்ட்டிலிருந்து ஒயர் இழுத்து, மாடியில் வெள்ளைப் பெட்டியை மாட்டி, பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டுப் போனார். அதுவரைக்கும் எந்தக் குறையும் இல்லை.

அன்று சாயங்காலம் ஆல்பம் டெம்ப்ளேட் தொகுப்பு ஒன்றை இறக்கினேன், 4.7 ஜிபி. என் கணக்கு நேர்க்கணக்கு: ஒரு நொடிக்கு நூறு எம்பி, 4.7 ஜிபி என்றால் நாலாயிரத்து எழுநூறு எம்பி, ஆக 47 நொடி. டீயைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். டீ முடிந்தது, டம்ளரைக் கழுவி வைத்தாயிற்று, கோடு பாதியைத்தான் தாண்டியிருந்தது. மொத்தம் ஏழு நிமிடம். பக்கத்தில் வேகம் 11.3 எம்பி என்று காட்டிக்கொண்டிருந்தது, கொஞ்சம் ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை, ஆணி அடித்த மாதிரி 11.3. நூறு கேட்டவனுக்குப் பதினொன்று கொடுத்திருக்கிறார்கள் என்று எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, உடனே போன் போட்டு வாய்க்கு வந்தபடி பேசினேன். அதற்கு இப்போது வருத்தமும் இருக்கிறது.

அந்தத் தம்பியே மறுபடி வந்தார். அவருடைய லேப்டாப்பை அதே ஒயரில் சொருகி ஸ்பீடு டெஸ்ட் ஓட்டினார். முள் சர்ரென்று ஏறி 94-இல் நின்றது. "தொண்ணூத்தி நாலு வருதேண்ணே, இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார். நான் என் கம்ப்யூட்டரில் 11.3-ஐக் காட்டினேன். அவர் 94-ஐக் காட்டினார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஆளாளுக்கு ஒரு திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். யார் பொய் சொல்வது என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. "சர்வர் ஸ்லோவா இருக்கும்ணே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சர்வர் ஸ்லோ இல்லை. இரண்டு திரையும் உண்மையைத்தான் சொன்னது. ஒன்று பிட், இன்னொன்று பைட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். நெட் விற்பவர்கள் பிட்டில் விற்பார்கள், ஃபைலை எடை போடுவது பைட்டில். ஆங்கிலத்தில் பிட்டுக்குச் சின்ன பி, பைட்டுக்குப் பெரிய பி போட்டுப் பிரிக்கிறார்கள். நோட்டீஸ் அடித்த அச்சகம் அழகுக்காக எல்லாவற்றையும் கேபிடலில் அடித்ததில் அந்த ஒரே அடையாளமும் போயிற்று. தமிழிலோ சின்னதும் கிடையாது, பெரியதும் கிடையாது, எல்லாமே 'எம்பி'தான். வேகத்துக்கும் எம்பி, ஃபைலுக்கும் எம்பி, டெல்லிக்குப் போகிறவரும் எம்பி. இதில் எம்பிபிஎஸ் என்று முழுசாக எழுதினால் டாக்டர் படிப்பும் சேர்ந்துகொள்கிறது. என் அம்மாவிடம் "நூறு எம்பிபிஎஸ் போட்டிருக்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள், எந்த ஆஸ்பத்திரியில் என்று கேட்பார்.

பைட் என்ற பெயரை வைத்தவர் வெர்னர் புக்ஹோல்ஸ், 1956-இல், ஐபிஎம் கம்பெனியில் ஸ்ட்ரெட்ச் என்ற கம்ப்யூட்டரை வடிவமைத்துக்கொண்டிருந்தபோது. 'கடி' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லை எடுத்து, பிட்டோடு எழுத்துப்பிழையில் குழம்பிவிடக் கூடாது என்று ஒரு எழுத்தை வேண்டுமென்றே மாற்றினார். அத்தனை ஜாக்கிரதையாகப் பெயர் வைத்தும் எழுபது வருடம் கழித்து கும்பகோணத்தில் ஒருத்தன் குழம்பிப்போய் நிற்கிறான். பிரெஞ்சுக்காரர்கள் இந்த விஷயத்தில் கெட்டிக்காரர்கள், பைட்டுக்கு 'ஆக்டெட்' என்று வேறு பெயரே வைத்து, ஓ என்ற எழுத்தைப் போட்டுவிட்டார்கள். அங்கே நோட்டீஸைக் கேபிடலில் அடித்தாலும் குழப்பம் வராது.

சரி, எம்பியில் 'எம்' என்றால் மெகா, அதாவது பத்து லட்சம். எட்டால் வகுத்தால் நூறு மெகாபிட் பன்னிரண்டரை மெகாபைட் ஆகிறது. எனக்கு வந்தது 11.3. மீதி ஒன்றேகால் எங்கே போயிற்று? இதைத்தான் ஒருத்தரும் சொல்லித் தருவதில்லை, நானே உட்கார்ந்து பிடித்தேன். ஃபைல் ஒயரில் அப்படியே போகாது, பொட்டலம் பொட்டலமாகக் கட்டித்தான் போகும். ஒரு பொட்டலத்தில் நம் சரக்கு 1460 பைட், அதைச் சுற்றின விலாசம், சரிபார்ப்பு, அடுத்த பொட்டலத்துக்கு முன் விடும் இடைவெளி எல்லாம் சேர்த்து 78 பைட். ஆக 1538 பைட் போகிற இடத்தில் நமக்குக் கிடைப்பது 1460, அதாவது நூற்றுக்கு 95-க்கு ஒரு முடி குறைவு. தம்பியின் ஸ்பீடு டெஸ்ட் 94-ஐக் காட்டியது இதனால்தான். இந்த 94.9-ஐ எட்டால் வகுத்தால் 11.87 வருகிறது. இன்னும் 11.3-க்கு வரவில்லை பாருங்கள். மிச்சம் விண்டோஸ் செய்யும் வேலை. அது எம்பி என்று எழுதிக்கொண்டே பத்து லட்சம் பைட்டை ஒரு எம்பியாக எடுப்பதில்லை, 1024-ஐ 1024-ஆல் பெருக்கி 10,48,576 பைட்டை ஒரு எம்பி என்கிறது. அந்தக் கணக்கில் 11.87 என்பது 11.32 ஆகிவிடும். ஆணி அடித்த மாதிரி நின்ற எண் இப்போது புரிந்தது. கம்பெனிக்காரன் ஒரு பைசா அடிக்கவில்லை. சரக்கு முழுசாக வந்திருக்கிறது, படியைத்தான் மாற்றி மாற்றி அளந்திருக்கிறோம்.

1 டிபி ஹார்டு டிஸ்க் வாங்கினால் 931 ஜிபி காட்டுவதும் இதே கதைதான். இந்த 1024 கணக்குக்குத் தனிப் பெயர் வேண்டும் என்று ஐஇசி என்ற சர்வதேசத் தர அமைப்பு 1998 டிசம்பரில் கிலோவுக்குப் பதில் கிபி, மெகாவுக்குப் பதில் மெபி, கிகாவுக்குப் பதில் இன்னொரு கிபி என்றெல்லாம் பெயர் வைத்தது. தமிழில் எழுதினால் ஆயிரத்துச் சொச்சத்துக்கும் கிபி, நூறு கோடிச் சொச்சத்துக்கும் கிபி, இதற்கு முன்பே கிறிஸ்து பிறந்த கணக்கில் ஒரு கி.பி. இருக்கிறது. ஆப்பிள் 2009-லிருந்து ஆயிரம் கணக்குக்குப் போய்விட்டது. விண்டோஸ் மாறவில்லை. சென்னையிலிருந்து என் கூட்டாளி அனுப்பின ஃபைல் அவனுடைய மேக்கில் ஒரு அளவு, என் கம்ப்யூட்டரில் அதைவிடக் குறைந்த அளவு காட்டி, "பாதி ஃபைல்தான் வந்துச்சா?" என்று அவன் போன் போட்டதும் உண்டு.

இந்த மாற்றுக்கணக்குக்கு என்று இணையத்தில் நிறையப் பெட்டிகள் இருக்கின்றன, இடது பக்கம் ஒரு அலகு, வலது பக்கம் ஒரு அலகு. மூன்று நான்கைப் பயன்படுத்திப் பார்த்தேன். கணக்கில் எதுவும் தப்பு செய்யாது, தப்பு நாம் தேர்ந்தெடுக்கும் இடத்தில்தான். செல்போனில் அந்தப் பட்டியலைத் தள்ளும்போது மெகாபிட், மெகாபைட், மெபிபிட் மூன்றும் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும், கட்டைவிரல் அரை இஞ்சு நழுவினால் விடை எட்டு மடங்கு எகிறிவிடும், எகிறினதே தெரியாது. ஒன்றில் மெபிபிட் இருந்தது, மெபிபைட் இல்லை. விண்டோஸ் காட்டுவதே மெபிபைட்தான் என்கிறபோது அந்தப் பெட்டியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? இதற்கெல்லாம் பதில் எங்கள் தாத்தா காலத்துக் கணக்கு ஒன்று போதும். காலில் பாதி அரைக்கால், அதாவது எட்டில் ஒன்று. நோட்டீஸில் போட்ட எண்ணுக்கு அரைக்கால் போட்டால் மெகாபைட். நூறுக்கு அரைக்கால் பன்னிரண்டரை, நாற்பதுக்கு ஐந்து. விண்டோஸ் திரையில் உண்மையில் எவ்வளவு தெரியும் என்று வேண்டுமானால் எட்டை விட்டுவிட்டு ஒன்பதால் வகுங்கள், கிட்டத்தட்ட சரியாக இருக்கும்.

இதில் எனக்கு வெட்கமான சங்கதி ஒன்று உண்டு. என் கேமரா மெனுவில் ஃபோர்கே எடுக்கும்போது '100எம்' என்று ஒன்றைத் தேர்ந்தெடுப்பேன், வருடக்கணக்காகத் தேர்ந்தெடுக்கிறேன். அதுவும் நொடிக்கு நூறு மெகாபிட்தான். கார்டு வாங்கும்போது வி30 என்று பார்த்து வாங்குவேன், அது நொடிக்கு 30 மெகாபைட்டுக்குக் குறையாமல் எழுதும் என்று உத்தரவாதம். நூறு எழுதுகிற கேமராவுக்கு முப்பது தாங்குகிற கார்டு எப்படிப் போதும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. கார்டின் 30 மெகாபைட் என்றால் 240 மெகாபிட், அதனால் போதுகிறது. சோறு போடும் தொழிலிலேயே இரண்டு படியும் பக்கத்துப் பக்கத்தில் இருந்திருக்கிறது.

கேமராவின் நூறும் நெட்டின் நூறும் ஒரே நூறு என்று தெரிந்ததில் எனக்கு ஒரு நல்ல கணக்கு கிடைத்தது. ஒரு மணி நேரம் எடுத்தால் 45 ஜிபி, அதை ஏற்றவும் ஏறக்குறைய ஒரு மணி நேரம். ரிசப்ஷன், முகூர்த்தம் இரண்டும் சேர்த்து ஐந்து மணி நேரப் பதிவு இருந்தால் 225 ஜிபி, சென்னைக்கு அனுப்ப ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். இந்த இணைப்பில் ஏற்றும் வேகமும் இறக்கும் வேகமும் ஒன்றே, அதற்கு முழு மார்க். இரவு பத்தரைக்குப் போட்டுவிட்டுப் படுத்தால் விடிவதற்குள் போயிருக்கும். முன்பெல்லாம் ஹார்டு டிஸ்க்கை தெர்மாகோல் சுற்றி கூரியரில் அனுப்பிவிட்டு, அது போய்ச் சேரும்வரை வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருப்பேன்.

ஆவணி வந்தபோது வேலை நெருக்கியது, 300 பிளானுக்கு மாறினேன். மாறின அன்று ஸ்பீடு டெஸ்ட்: 94. இந்த முறை நான் போனில் கத்தவில்லை, 94-ஐப் பார்த்ததும் எங்கேயோ நூறுக்கு மேல் போகாத வாசல் ஒன்று நிற்கிறது என்று தெரிந்துவிட்டது. விண்டோஸ் செட்டிங்கில் லிங்க் ஸ்பீடு 100/100 என்று காட்டியது. தம்பி கொடுத்த பெட்டியில் ஒரு ஓட்டைதான் கிகாபிட், அதாவது ஆயிரம் மெகாபிட், மற்றவை நூறு மெகாபிட். பெட்டியிலிருந்து கம்ப்யூட்டருக்கு வரும் ஒயர் இருந்தது நூறில். மாற்றிச் சொருகினேன், அப்போதும் நூறு. ஒயரின் முனையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் கண்ணாடி மாதிரித் தெரியும் அந்தக் கிளிப்புக்குள் ஆரஞ்சு, பச்சை ஜோடிகள் மட்டும், நீலமும் பழுப்பும் காணோம். நூறு மெகாபிட்டுக்கு நாலு கம்பி போதும், கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். தம்பி வேறு ஒயர் கொண்டுவந்தார், எட்டுக் கம்பி. அடுத்த ஃபைல் 34-ஐ ஒட்டி இறங்கியது. அரை மணி நேர வேலை, ஆனால் இதைத் தெரியாமல் மாதக்கணக்காக 300-க்குப் பணம் கட்டி 94-இல் உட்கார்ந்திருப்பவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கலாம். பிளானை மாற்றும்போது ஒயரைப் பார்க்க வேண்டியது கம்பெனியின் வேலை, இங்கே அரை மார்க் குறைக்கிறேன்.

இப்போது அந்த அன்லிமிடெட். நோட்டீஸின் அடியில் எறும்பு எழுத்தில் மாதம் 3300 ஜிபி வரைதான் முழு வேகம், பிறகு 4 எம்பிபிஎஸ் என்று இருக்கிறது. வீட்டில் படம் பார்ப்பவர்களுக்கு இது தீரவே தீராது. நெட்ஃபிளிக்ஸ் ஃபோர்கேவுக்குக் கேட்பது 15 மெகாபிட், மணிக்கு ஏழு ஜிபிக்குள்தான் ஆகும். என் மாதிரி ஆளுக்கு அந்த 3300 பதினாலு கல்யாணம். நல்ல முகூர்த்த மாதத்தில் மிரட்டுகிற எண்தான், இதுவரை தாண்டவில்லை. வேடிக்கை என்னவென்றால் நூறு பிளானில் நிறுத்தாமல் ஓட்டினால் 3300 ஜிபி தீர மூன்று நாள் ஆகும், 300 பிளானில் ஒரே நாளில் தீர்ந்துவிடும். வேகத்துக்குக் காசு ஏற்றினார்களே தவிர அளவை ஏற்றவில்லை. தீர்ந்தபின் வரும் 4 மெகாபிட் என்பது நொடிக்கு 500 கிலோபைட். அதில் ஒரு கல்யாணத்தை ஏற்ற ஐந்து நாள் ஆகும், பொண்ணு மாப்பிள்ளை மறுவீடு போய்த் திரும்பிவிடுவார்கள்.

அந்த 4-ஐயும் ரொம்பத் திட்ட மனசு வரவில்லை. 2004-இல் நம் நாட்டில் பிராட்பேண்ட் என்று சொல்ல 256 கிலோபிட் இருந்தால் போதும் என்று கொள்கை வைத்தார்கள், அரைக்கால் போட்டால் நொடிக்கு 32 கிலோபைட். 2013-இல் அது 512 ஆயிற்று, 2023 ஜனவரியில் 2 மெகாபிட். அந்த 256-இல் என் 225 ஜிபியை ஏற்றினால் 81 நாள். வளைகாப்பு வீடியோவோடு சேர்த்தே கொடுத்துவிடலாம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வைஃபை மாடியில் நன்றாக வருகிறது, கீழ் வீட்டில் சுவர் கனம், 40-ஐத் தாண்டுவதில்லை. ராத்திரி எட்டு மணியிலிருந்து பத்து வரை 300-இல் கொஞ்சம் இறங்கும். தெருவுக்கு வரும் ஒரே ஃபைபரின் கிட்டத்தட்ட 2.5 கிகாபிட்டைத்தான் அத்தனை வீடும் பங்கு போடுகிறோம், எல்லாரும் ஒரே நேரத்தில் சீரியல் பார்த்தால் என்ன செய்வது. ஒன்பது மாதத்தில் நாலு முறை ஒயர் அறுந்தது, இரண்டு தடவை சாக்கடைக்குத் தோண்டியதில், ஒரு தடவை அணில், இன்னொன்றுக்குக் காரணம் தெரியவில்லை. ஒவ்வொரு முறையும் அதே நாளில் சரி செய்தார்கள். கரண்ட் போனால் பெட்டி அணைந்துவிடும், 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்று நானே வாங்கி வைத்தேன், இதைக் கம்பெனியே கொடுக்கலாம். கஸ்டமர் கேர் நம்பர் சும்மா பெயருக்கு, தம்பியின் சொந்த நம்பர்தான் உண்மையான கஸ்டமர் கேர்.

ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன். தையில் ஆறு மாதப் பணம் சேர்த்துக் கட்டப்போகிறேன், 300-க்கே. புது நோட்டீஸ் ஒன்று போன வாரம் வந்தது, இப்போது 1 ஜிபிபிஎஸ் விற்கிறார்கள், அதே கேபிடல், அதே மஞ்சள். மாடியிலிருந்து அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே தம்பி போன் பண்ணினார். "அண்ணே, உங்க பக்கத்து வீட்டு சாருக்கு நேத்து லைன் குடுத்தோம். நூறு கேட்டா பதினொண்ணுதான் வருதுன்னு சத்தம் போடுறாரு. நான் சொன்னா நம்ப மாட்டேங்கிறாரு, நீங்க ஒரு நிமிஷம் வந்து பேசிட்டுப் போங்கண்ணே."